மண்டல இயக்குநருக்கு எவ்வளவு சம்பளம்?

(வெம்பாக்கத்தில் நடந்த தகவல் பெறும் உரிமை விழிப்புணர்வுக் கூட்டத்தில், சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பாவு நடுவில் இருக்கும்போது தறியை விட்டு எழுந்து வருவது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் தறிக்குழியில் உட்கார்ந்தவர்தான். அதனால் உங்க நேரத்தை வீணாக்க மாட்டேன். இதைப் பிறகு கைபேசியில் படிக்கப்போகிற உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாடியே முன் வரிசையில் இருக்கிற ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த மண்டல டைரக்டர், மண்டல டைரக்டர்னு சொல்றாங்களே, அவருக்கு மாசம் எவ்ளோ வரும்?" பக்கத்தில் இருந்தவங்க சிரிச்சாங்க. ஒருத்தர், "அதெல்லாம் கேக்கக் கூடாது தாத்தா"ன்னார்.

கேட்கலாம். நான் பேச நினைச்சு வந்தது வேறு. ஆனா இந்தக் கேள்வியையே எடுத்துக்கிறேன். ஏன்னா இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

பெரியவர் சொன்னது இது. சில வருஷம் முன்னாடி, ஒரு அலுவலகத்தில் அவருடைய ஒரு காகிதம் நகரவே இல்லை. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆள், "சாருக்குச் சம்பளம் ரொம்பக் கம்மி பெரியவரே, பசங்க படிப்பு வேற, நீங்க பாத்து இரண்டாயிரம் கொடுத்தா முடிஞ்சிடும்"னு சொல்லியிருக்கான். பெரியவர் என்ன செய்தார்? பாவம் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். பயந்து கொடுக்கலை. அந்த அதிகாரி தன்னைவிடக் கஷ்டப்படுகிறார் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் அதிகாரிக்குப் போனதா, அந்த ஆளின் சட்டைப் பைக்கே போனதா, அதுவும் தெரியாது.

இதைக் கேட்டதும் எனக்கு மனசு என்னமோ பண்ணிடுச்சு. இத்தனை வருஷம் அதிகாரிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். அந்த எண்கள் ரகசியம் இல்லை. யார் வேணும்னாலும் பார்க்கலாம் என்று சட்டமே சொல்லுது. அந்தப் பெரியவருக்கு அன்றைக்கு அது தெரிந்திருந்தால் இரண்டாயிரம் ரூபாய் அவர் மடியிலேயே இருந்திருக்கும்.

முதலில் பதவிப் பெயரைப் பிரித்துக்கொள்வோம். "மண்டல இயக்குநர்" என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நம்ம மாவட்டத்தை எடுத்துக்குங்க. ஆரணி, திருவத்திபுரம், வந்தவாசி நகராட்சிகளை மேற்பார்வை பார்ப்பவர் வேலூரில் இருக்கிற நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், கூட்டுறவு ரேஷன் கடை இதெல்லாம் திருவண்ணாமலை மண்டல இணைப் பதிவாளர் கீழே வரும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மட்டும் அவர் கீழே வராது, கைத்தறித் துறை இயக்குநருக்குத்தான் நம்ம சங்கங்களின் பதிவாளர் அதிகாரம். இதில் பல பேர் தப்பான ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம். கோ-ஆப்டெக்ஸில் மண்டல மேலாளர் உண்டு. அது 1935-இல் ஆரம்பித்த கூட்டுறவு நிறுவனம், அரசுத் துறை இல்லை. சென்னையில் ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு ஒரு மண்டல இயக்குநர், ரிசர்வ் வங்கிக்கு ஒரு மண்டல இயக்குநர். செய்யாறு சிப்காட் கம்பெனி பஸ்ஸில் போகிற நம்ம பசங்களைக் கேட்டால் அவங்க கம்பெனிக்கும் "ரீஜினல் டைரக்டர்" ஒருத்தர் இருப்பார்.

இத்தனை பேருக்கும் ஏறக்குறைய ஒரே பலகை. சம்பளம் வேறு வேறு. ஏன்னா பலகைக்குச் சம்பளம் கிடையாது. நாற்காலிக்கும் கிடையாது. அதில் உட்கார்ந்திருக்கிற ஆள் எந்த ஊதிய நிலையில் இருக்கிறார், எத்தனை வருஷம் சர்வீஸ், அதைப் பொறுத்துத்தான் சம்பளம். இன்றைக்கு ஒரு நாற்காலியில் பதவி உயர்வில் வந்தவர் இருப்பார். நாளைக்கு அதே நாற்காலியில் வேறு பணிப் பிரிவிலிருந்து மாற்றலில் ஒருத்தர் வருவார். இருவர் சம்பளச் சீட்டும் ஒன்றாக இருக்காது. இன்னொரு அலுவலகத்தின் "கூடுதல் பொறுப்பு" என்று போட்டிருப்பாங்களே, அதுக்கு இரண்டு சம்பளம் வருதுன்னு ஊரில் பேசிக்கிறாங்க. வராது. விதிப்படி ஒரு சிறு தொகை, அதுவும் நிபந்தனையோடு.

சரி, ஊதிய நிலை என்றால் என்ன?

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் திருத்திய ஊதிய விதிகள். நிதித் துறையின் அரசாணை எண் 303, நாள் 11.10.2017. ஊதிய நிர்ணயம் 1.1.2016 முதல், கையில் பணம் வந்தது 1.10.2017 முதல். பழைய அடிப்படை ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கிப் புதிய அட்டவணையில் பொருத்தினார்கள். அந்த அட்டவணையில் 1 முதல் 32 வரை நிலைகள். முதல் நிலை 15,700 ரூபாயில் ஆரம்பிக்கும்.

அட்டவணையைப் பார்த்தால் நம்ம சேலை டிசைன் போடுகிற கட்டம் போட்ட கிராஃப் தாள் மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் நிலைகள், கீழ்நோக்கி வருஷங்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தைவிட ஏறக்குறைய 3 சதவீதம் கூடுதல். வருஷத்துக்கு ஒரு கட்டம் இறங்கினால் அதுதான் ஆண்டு ஊதிய உயர்வு, நாம 'இன்கிரிமென்ட்' என்கிறோமே, அது. பதவி உயர்வு வந்தால் பக்கத்துப் பத்திக்குத் தாவுவது.

இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் இவங்க 8-ஆம் நிலை, தொடக்கம் 19,500. துணை ஆட்சியர், கூட்டுறவு துணைப் பதிவாளர், ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் போன்ற குரூப் ஒன்று பதவிகள் 22-ஆம் நிலை, தொடக்கம் 56,100. மண்டல அளவில் மேற்பார்வை பார்க்கிற பல அதிகாரிகள் இந்த ஏணியில் ஏறி வந்தவங்கதான். உதாரணமா துணைப் பதிவாளர் பதவி உயர்ந்துதான் இணைப் பதிவாளர் ஆகிறார்.

இப்போ ஒரு கணக்கு சொல்றேன், கைபேசியில் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்க. 19,500-இல் சேர்ந்த ஒருத்தர், பதவி உயர்வும் தேர்வு நிலையும் எதுவுமே இல்லாமல் வெறும் 3 சதவீத உயர்வு மட்டும் வாங்கிக்கொண்டு 35 வருஷம் வேலை பார்க்கிறார்னு வைங்க. கடைசியில் அவருடைய அடிப்படை ஊதியம் ஏறத்தாழ 55,000. குரூப் ஒன்றில் சேர்கிற பொண்ணு முதல் மாசமே வாங்குகிற 56,100-ஐ அவர் தொட முடியாது! நடைமுறையில் பத்து வருஷம் ஒரே பதவியில் இருந்தால் தேர்வு நிலை, இருபது வருஷத்தில் சிறப்பு நிலை என்று கூடுதல் உயர்வு உண்டு, பதவி உயர்வும் வரும். ஆனாலும் ஒரு அதிகாரி எவ்வளவு சம்பாதிப்பார் என்பதை வேறு எதையும்விட அவர் எந்தப் படியில் கால் வைத்தார் என்பதுதான் தீர்மானிக்குது. திண்ணையில் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் புரட்டுகிற பிள்ளைங்க இந்த ஊரில் நிறைய. குரூப் நான்கு எழுதுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா பட்டப்படிப்பு முடித்திருந்தால் குரூப் ஒன்று விண்ணப்பத்தையும் விடாதீங்க. "நமக்கெல்லாம் எதுக்கு"ன்னு விட்டவங்க பட்டியலில் நானும் உண்டு.

அடிப்படை ஊதியம் மட்டும் சம்பளம் இல்லை. 22-ஆம் நிலையில் சேர்ந்து 9 இன்கிரிமென்ட் வாங்கிய ஒருத்தரை எடுத்துக்குவோம். அவர் கட்டத்தில் 73,200 என்று இருக்கும். அதன் மேல் அகவிலைப்படி. 1.1.2025 நிலவரப்படி அது 55 சதவீதமாக இருந்தது, அதை வைத்தே கணக்குப் போடுவோம். 73,200-க்கு 40,260. இரண்டும் சேர்ந்து 1,13,460.

இதோடு வீட்டு வாடகைப்படி. மத்திய அரசில் இது அடிப்படை ஊதியத்தில் இத்தனை சதவீதம் என்று வரும். தமிழ்நாட்டில் அப்படி இல்லை, ஊதிய வரம்பையும் ஊரின் தரத்தையும் பார்த்து நிர்ணயித்த தொகை. சென்னையில் ஒன்று, வேலூரில் ஒன்று, வெம்பாக்கத்தில் வேலை பார்த்தால் ரொம்பக் கம்மி. நகர ஈட்டுப்படியும் ஊரைப் பொறுத்ததுதான். மருத்துவப்படி மாதம் 300 ரூபாய். ஆக ஒரே நிலை, ஒரே சர்வீஸ் உள்ள இரண்டு பேரில் ஒருத்தர் சென்னையிலும் ஒருத்தர் நம்ம பக்கமும் இருந்தால் சீட்டில் சில ஆயிரம் வித்தியாசம் தெரியும்.

பிறகு பிடித்தம். 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால் ஓய்வூதியப் பங்களிப்பாக அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம், இந்தக் கணக்கில் 11,346. மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 300. தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250. வருமான வரி வேறு. புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லை என்றாலும் இவர் அதைத் தாண்டிவிடுகிறார், அடிப்படையும் அகவிலைப்படியும் மட்டுமே வருஷத்துக்கு 13,61,520. கடன் வாங்கியிருந்தால் அதுவும் போகும். கையில் வருவது ஒரு லட்சத்துக்கு அக்கம் பக்கம்.

மாசம் ஒரு லட்சம். பெரியவரே, உங்களுக்குச் சொன்ன "ரொம்பக் கம்மி" இதுதான்.

இங்கே ஒன்று சொல்லணும். அதிகாரிகளைத் திட்ட நான் வரலை. நேர்மையா, ராத்திரி எட்டு மணி வரைக்கும் கோப்பு பார்க்கிறவங்களை எனக்குத் தெரியும். அவங்க சம்பளமும் எப்பவும் ஏறிக்கிட்டே இருந்ததில்லை. கொரோனா நேரத்தில் அகவிலைப்படியை நிறுத்தி வைத்தாங்க. 17 சதவீதத்திலேயே நின்றது, 1.1.2022 முதல்தான் தமிழ்நாட்டில் அது 31 சதவீதம் ஆனது. ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணமாக்குகிற சலுகையும் 2020-இல் நின்றுபோனது, 2025 அக்டோபரில்தான் திரும்பி வந்தது. அந்த நேர்மையான அதிகாரி பெயரைச் சொல்லித்தான் அந்த ஆள் உங்ககிட்ட காசு வாங்கினான். அதிகாரிக்குத் தெரிந்திருந்தால் அவருக்கும் கோபம் வந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் இதுக்கு நேர் எதிராவும் வருது. "மண்டல இயக்குநர் மாதச் சம்பளம் ஐந்து லட்சம், பகிரவும்" என்று ஒரு செய்தி எனக்கும் வந்தது. இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். மாநிலத்திலேயே உயர்ந்த நாற்காலி தலைமைச் செயலாளருடையது. அவருக்கு நிர்ணயித்த அடிப்படை ஊதியம் 2,25,000. அதே 2025 ஜனவரி அளவான 55 சதவீதம் அகவிலைப்படி சேர்த்தால் 3,48,750. தலைமைச் செயலாளருக்கே அவ்வளவுதான்னா மண்டல அதிகாரிக்கு எப்படி ஐந்து லட்சம் வரும்? பகிரும் முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

மத்திய அரசு வரிசை வேறு. அங்கே 12-ஆம் நிலை 78,800-இல் தொடங்கும், 13-ஆம் நிலை 1,23,100, 14-ஆம் நிலை 1,44,200. பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்குப் போகிற அந்த ஒரு தாவலைக் கவனியுங்க. அந்த ஒரு பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனால் ஒருத்தர் வாழ்நாள் வருமானத்தில் எவ்வளவு விழும் என்று பார்த்துக்குங்க. ரிசர்வ் வங்கிக்கு ஊதியக் குழுவே கிடையாது, அங்கே தனி ஊதிய ஒப்பந்தம். அடுத்த ஊதியக் குழு, எட்டாவது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதன் பரிந்துரை வந்தாலும் தமிழ்நாட்டுக்கு அது தானாக வராது. மாநில அரசு தனியாக முடிவெடுத்து ஆணை போடணும்.

தனியார் கம்பெனி மண்டல இயக்குநர் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். அங்கே பேரம்தான். எத்தனை கோடி விற்பனை, எத்தனை பேர் கீழே, முந்தைய கம்பெனியில் என்ன வாங்கினார், இலக்கைத் தொட்டாரா, எல்லாம் சேரும். ஒரு பகுதி நிலையான சம்பளம், ஒரு பகுதி இலக்கைப் பொறுத்தது. 'டைரக்டர்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் அவர் கம்பெனிச் சட்டப்படியான இயக்குநர் குழு உறுப்பினராக இருக்கணும்னு இல்லை. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகள் இயக்குநர் குழுவின் சம்பளத்தை ஆண்டறிக்கையில் சொல்லியாகணும். மற்ற ஊழியர்களில் அதிகச் சம்பளம் வாங்கும் முதல் பத்துப் பேர், வருஷத்துக்கு 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல் வாங்குபவர்கள், இவங்க விவரத்துக்கும் விதி உண்டு. அதுக்குக் கீழே உள்ளவர் சம்பளம் அவருக்கும் கம்பெனிக்கும் நடுவில். நாம கேட்க முடியாது. நம்ம வரிப்பணம் இல்லை.

அரசு அதிகாரி விஷயம் அப்படி இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4(1)(பி) பிரிவில் ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய விஷயங்களை வரிசையாகச் சொல்லியிருக்கு. அதில் பத்தாவது இனம் என்ன தெரியுமா? ஒவ்வோர் அலுவலரும் ஊழியரும் பெறுகிற மாத ஊதியம். கேட்டால் தருவாங்க என்பது இல்லை. அவங்களாகவே போட்டு வைக்கணும்.

துறையின் இணையதளத்துக்குப் போங்க. "தகவல் பெறும் உரிமைச் சட்டம்" என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் தகவல் கையேடு இருக்கும். பதவி, எண்ணிக்கை, ஊதிய நிலை அதில் வரும். சில துறைகளில் பழைய கையேடே கிடக்கும், 2017-க்கு முந்தைய 'தர ஊதியம்' போட்டது. அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீங்க. அந்த முறையே இப்போ இல்லை.

அங்கே கிடைக்கலைன்னா மனு போடுங்க. அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதணும். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டலாம். தமிழ்நாடு அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் கைபேசியிலிருந்தும் போடலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று வைக்கணும். எதுக்குக் கேக்கறேன்னு காரணம் சொல்ல வேண்டாம். யாராவது "எதுக்கு?"ன்னு கேட்டால், "சட்டத்தின் 6(2) பிரிவைப் பாருங்க சார்" என்று மரியாதையா சொல்லுங்க. தப்பான ஆபீஸுக்குப் போட்டுட்டாலும் பயம் வேண்டாம், ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவங்க வேலை. 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா, அல்லது சரியில்லைன்னா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுக்கும் சரியா வரலைன்னா 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம்.

என்ன எழுதணும் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. "இன்னார் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு சொத்து சேர்த்தார்" என்று எழுதினால் நிராகரிப்பாங்க. 2012-இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஊழியரின் சொத்து விவரம், வருமான வரிக் கணக்கு, அவருக்குக் கொடுத்த குறிப்பாணைகள் எல்லாம் தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதி, தனிப்பட்ட தகவலுக்கு வேலியை இன்னும் உயர்த்தியிருக்கு. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனா 4(1)(பி) பிரிவை அந்தச் சட்டம் தொடலை. அதனால் நாம வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்போம். இப்படி எழுதுங்க:

"தங்கள் அலுவலகத்தில் மண்டல இயக்குநர் பதவிக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ள ஊதிய நிலை என்ன? தற்போது அப்பதவியில் உள்ளவர் பெறும் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, இதர படிகள் என்ன? தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி)-இன் பத்தாவது இனத்தின்படி வெளியிடப்பட்ட பட்டியலின் நகலை வழங்கவும்."

அவ்வளவுதான். பிடித்தம், கடன், குடும்பம் எதையும் கேட்காதீங்க. அது அவங்க வீட்டு விஷயம். நம்ம பாஸ்புக்கை யாராவது கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

கைபேசிக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'களஞ்சியம்' என்று ஒரு செயலி இருக்கு, அது அரசு ஊழியர்கள் தங்கள் சம்பளச் சீட்டைப் பார்க்க. நமக்கானது இல்லை. "எந்த அதிகாரி சம்பளமும் பார்க்கலாம்" என்று விளம்பரம் வந்தால் அந்தச் செயலியை இறக்காதீங்க, ஓ.டி.பி. கொடுக்காதீங்க.

இன்னொன்று. நெசவாளர் சங்கத்துச் செயலாளர் சம்பளத்தையும் இதே மாதிரி கேட்கலாமான்னு ஒரு தம்பி கேட்டார். சங்கத்துக்கு நேரா மனு போட்டால் "நாங்க பொது அதிகார அமைப்பு இல்லை"ன்னு சொல்ல இடம் இருக்கு. 2013-இல் கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி. ஆனா பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைப் பதிவாளரிடம் நாம கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு வழி விடுது. அதனால் மனு கைத்தறித் துறையின் சரக அலுவலகத்துக்குப் போகட்டும்.

நான் முடிக்கப் போகும்போது பின்னாடி இருந்து ஓர் அக்கா எழுந்தாங்க. அவங்க கேட்டதுதான் இன்றைக்குப் பெரிய கேள்வி. "சார், அவங்களுக்கும் அகவிலைப்படின்னு சொல்றீங்க, எங்க சங்கத்துக் கூலியிலும் அடிப்படைக் கூலி, அகவிலைப்படின்னு தனித்தனியா இருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

பேர் ஒன்று, அக்கா. ஏறுகிற விதம்தான் வேறு. அரசு ஊழியர் அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டோடு கட்டியிருக்கு. தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டின் 12 மாதச் சராசரியை எடுத்து, 261.42 என்கிற பழைய அளவுக்கு மேல் எவ்வளவு சதவீதம் ஏறியிருக்குன்னு பார்ப்பாங்க. அதுதான் அகவிலைப்படி. ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு முறை மத்திய அரசு அறிவிக்கும், தமிழ்நாடு பின்னாடியே ஆணை போடும். அரிசி விலை ஏறினால் கொஞ்சம் தாமதமானாலும் அங்கே எண் நகரும்.

உங்க கூலியின் அகவிலைப்படி அப்படி எந்தக் குறியீட்டோடும் தானாக நகருவதில்லை. கூட்டுறவு நெசவாளர்களுக்கு அடிப்படைக் கூலியில் 10 சதவீதம், அகவிலைப்படியில் 10 சதவீதம் என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தால் ஏறும். அப்படி அறிவிப்புகள் வந்திருக்கு, ஏறியும் இருக்கு. கைத்தறி வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023-இல் கூட்டினாங்க, அதுவும் ஒரு கை கொடுப்பது. ஆனா அறிவிப்புக்குக் காத்திருப்பதும், எண் தானாக நகர்வதும் ஒன்றில்லை. சங்கத்தில் இல்லாமல் தனியார் முதலாளிக்குக் கூலிக்கு நெய்கிறவங்களுக்கு இந்த அறிவிப்பும் நேரா வராது. கோர்வை போட்ட சேலைக்கு இன்ன கூலி என்று அவங்க இரண்டு பேர் பேசிக்கிறதுதான்.

இதை மாற்றணும்னா முதலில் காகிதம் வேணும். உங்க ரகத்துக்கு அடிப்படைக் கூலி எப்போது கடைசியாக மாற்றினாங்க, அகவிலைப்படி எத்தனை சதவீதம், எந்த ஆணைப்படி, அதை எந்தத் தேதியிலிருந்து உங்க சங்கத்தில் கொடுத்தாங்க. இந்த நாலு கேள்விதான். மண்டல இயக்குநர் சம்பளத்துக்குப் போடுகிற மனுவிலேயே அதைச் சேர்க்காதீங்க, ஆபீஸ் வேறு. தனி மனு, தனி பத்து ரூபாய்.

பெரியவரே, உங்க இரண்டாயிரம் திரும்பி வராது. மறுபடி அப்படி யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இருக்கு. காகிதம் நகரலைன்னா 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண் இருக்கு, கூப்பிட்டுப் புகார் எண்ணை வாங்கி எழுதி வைங்க.

அக்கா, நீங்க வாங்க, உங்க மனுவை இப்பவே எழுதிடலாம். சங்கத்துப் பாஸ்புக் கையில் இருக்கா? ரகத்தின் பெயரை அதில் போட்டிருக்கிற மாதிரியே எழுதணும். கோர்ட் ஸ்டாம்ப் என்னிடம் நாலு இருக்கு.